குனியாமல் கேட்ட கேள்வி

ஹிதார் மாதம், காப்பி பறிக்கும் நாட்கள்

கண்ணுக்குள்ளேயே நிற்கும் தம்பி கொச்சித்தோவுக்கு, அக்கா அஸ்காலே சொல்லச் சொல்ல மகள் பிர்கே எழுதுவது. நாங்கள் சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது? ஜிம்மாவில் காப்பி உமித் தூசிக்கு நடுவில் நிற்கிறவனை இருமல் எங்கே விடும். ஒரு குடுவை தேன் அனுப்பியிருக்கிறேன். லாரிக்காரன் வழியில் விரல் விடாமல் கொண்டுவந்தால் உன் அதிர்ஷ்டம்.

இந்த வருஷம் குரங்குகள் நம் மக்காச்சோளத்தில் பாதியைத் தின்றுவிட்டன. பெரிய குரங்கு ஒன்று வேலி மேல் உட்கார்ந்து, நான் விரட்ட வருவதைப் பார்த்துக்கொண்டே உரிக்கிறது. உன் அத்தான் இருந்த காலத்தில் அவருடைய செருமல் கேட்டாலே ஓடும். அவர் போய்ச் சேர்ந்தது குரங்குக்கும் தெரிந்துவிட்டது. சரி, சொல்ல வந்தது குரங்குக் கதை இல்லை.

பிர்கேயைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்தில் நம் பிள்ளைகளுக்கென்று தனியாகத் தொங்கும் தகர டப்பா ஓட்டையாகிவிட்டது. அன்றைக்கு நல்ல வெயில். இவள் மற்றவர்கள் குடிக்கும் குவளையில் மொண்டு குடித்துவிட்டாள். ஒரு பையன் பார்த்துக் கத்தினான். குவளையை வேலிக்கு அப்பால் எறிந்தார்கள். மறுநாள் மேட்டுத்தெரு கொமாரோக்கள் ஒருவரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு வாசலுக்கு வெளியே நிற்கவைத்து, "ஏம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. ஊரு கொதிக்குது. கொஞ்ச நாள் பொண்ணை வீட்டிலேயே வச்சுக்க" என்றார். எட்டாம் வகுப்புப் பிள்ளை. இன்னும் நாலு மாதம், மெகாபித் மாதத்துக்குள் வகுப்புக்குத் திரும்பாவிட்டால் வருஷக் கடைசியில் செனே மாதப் பரீட்சையில் உட்கார விடமாட்டார்கள். பரீட்சை இல்லையென்றால் என்னோடு விறகுக்கட்டுதான்.

இந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹிருத் என்று ஒரு பெண் வந்து இறங்கியிருக்கிறாள். நாங்கள் மஞ்சோ, நாங்கள் தொட்டது கொமாரோ வாய்க்குப் போகாது, அவர்கள் வீட்டு வாசற்படி எங்கள் காலுக்குப் பழக்கமில்லை என்றெல்லாம் சொன்னோம். இதுவரை வந்தவர்கள் எங்களைக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள், பிறகு வரமாட்டார்கள். இவள், "கேள்வியை நீங்களே உண்டாக்குங்க, நீங்களே போய் அவங்களைக் கேளுங்க. வர்ற பதிலை வச்சு என்ன பண்றதுன்னும் நீங்களே சொல்லுங்க" என்கிறாள். கரி சுடும் ஷாலோ உடனே, "அப்ப உனக்கு எதுக்கும்மா சம்பளம்?" என்றான். அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேட்கப் போகிறவர்களில் என்னையும் ஷாலோவையும் சேர்த்திருக்கிறார்கள். மெகாபித்தில் பள்ளிக்கூடத்திலேயே கூட்டம். அங்கே வரும் பதிலை வைத்துத்தான் பிர்கே உள்ளேயா வெளியேயா என்று சொல்வாராம் பெரிய வாத்தியார். அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை முடித்த மஞ்சோ நீ ஒருவன்தான். என்ன கேட்கலாம் என்று நீ சொல்லு.

கடவுள் உன் தலைமாட்டில் நிற்கட்டும்.
அக்கா அஸ்காலே

*

ஜிம்மா, தாஹ்சாஸ் மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தேன் வந்தது, முக்கால் குடுவை. இருமல் பரவாயில்லை. சவுக்காரம், உப்பு, பிர்கேவுக்கு ஒரு பேனா அனுப்பியிருக்கிறேன். கடிதங்களை மூசாவின் கடைக்கே அனுப்பு. வீடு மாறிக்கொண்டே இருப்பதால் வேறு விலாசம் சரிவராது.

நடந்தது வருத்தம்தான். ஆனால் அக்கா, கேட்பதால் என்ன கிடைக்கும்? வந்தவர்கள் வண்டி ஏறிப் போய்விடுவார்கள், நீ அந்த ஊரிலேயே விறகு விற்க வேண்டும். ஒரு வருஷம் பெண் சும்மா இருக்கட்டும். ஆறிவிடும். பிறகு வேறு ஊரில் இடம் பார்க்கலாம்.

அந்தப் பல்கலைக்கழகப் பெண்ணிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாயா? சொல்லாதிருந்தால் சொல்லாதே.

குளிர் அதிகம். போர்த்திக்கொண்டு படு.

தம்பி கொச்சித்தோ

*

திர் மாதம், காற்று அடிக்கும் நாட்கள்

தம்பிக்கு அக்கா சொல்ல, பிர்கே எழுதுவது. நாங்கள் சுகம். சவுக்காரம் வாசனையாக இருக்கிறது, துவைக்க மனசு வராமல் துணிக்கு நடுவில் வைத்திருக்கிறேன். எந்த வேறு ஊர் என்று நீ எழுதவில்லை. மறந்திருப்பாய்.

நாங்கள் கேட்கப் போனதைக் கேள். ஹிருத் பேச்சுப் பிடிக்கும் பெட்டி ஒன்று கொடுத்தாள். ஷாலோ அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், மாவட்ட அதிகாரியின் கோவேறு கழுதை கெட்டது. தான் கூட வந்தால் ஆட்கள் வேறு மாதிரி பேசுவார்கள் என்று அவள் பின்தங்கிவிட்டாள். கேள்வி எங்களுடையது. "எங்க பிள்ளைங்க உங்க பிள்ளைங்களோட ஒரே பெஞ்சில உக்காந்தா, ஒரே குவளையில குடிச்சா உங்களுக்கு என்ன?" இவ்வளவுதான்.

பதிவு செய்யலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொண்டோம். எல்லாரும் நல்ல பதிலே சொன்னார்கள். எனக்கு நம்பவே முடியவில்லை. நான் வருஷக்கணக்காக விறகு போடும் டிங்கே வீட்டில், "அட, நீங்க எங்க ஜனம். பிள்ளைங்கன்னா பிள்ளைங்கதான், உக்காரட்டுமே" என்றாள். கிழவர் ஒருவர் எங்களுக்கு ஒரு கை மொச்சை கொடுத்தனுப்பினார். சிரித்துக்கொண்டே வீடு வந்தோம். அன்றைக்குக் கொச்சோ ரொட்டியில் வெண்ணெய் கூடுதலாகத் தடவினேன்.

பதிலைக் கேட்டுப் பெரிய வாத்தியாருக்கும் சந்தோஷம். பிர்கேயைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியா, இந்த ஊர்ல வேத்துமையே இல்லேன்னு நீங்களே கேட்டு எழுதியிருக்கீங்க. அப்ப உன் பொண்ணை யாரும் வெளிய அனுப்பல. அவளாத்தான் நின்னிருக்கா." வாசலில் இருந்த இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அவளை உள்ளே விடவும் இல்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

பிறகு ஹிருத் பெட்டியை ஓடவிட்டு எங்களையே கேட்கச் சொன்னாள். முதலில் எங்கள் குரலைக் கேட்டுச் சிரித்தோம். ஷாலோவுக்குத் தன் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறதென்று ஒரே வருத்தம். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் நான் கேள்விக்கு முன்னால், "உங்களுக்காக நான் மண்ணுக்குள்ள போறேன் தாயே" என்று வணக்கம் சொல்லியிருக்கிறேன். சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. தும்மல் மாதிரி வந்திருக்கிறது. பாதையை விட்டுப் பள்ளத்தில் இறங்கித்தான் நின்றிருக்கிறோம், செருப்பில் சேறு இருந்தது. ஷாலோ மெதுவாக, "இது கேள்வி கேக்குற குரலா அக்கா? பழைய சட்டை கேக்கப் போன குரல்" என்றான். ஹிருத்தும் அதைக் கவனித்திருக்கவில்லை. அவளுக்கும் அந்த வணக்கம் காதில் விழுந்து பழகியிருந்தது.

மறுபடி போகப் போகிறோம். மண்ணுக்குள் போகாமல், பாதையிலேயே நின்று கேட்பதென்று முடிவு.

பயமாகத்தான் இருக்கிறது. நீ எழுது.

அக்கா அஸ்காலே

*

ஜிம்மா, திர் மாதக் கடைசி

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே இதை லாரியில் கொடுத்தனுப்புகிறேன். போகாதே.

அப்பா ஒருநாள் சந்தைப் பாதையில் இறங்கி நிற்காமல் நடந்தார். நீ சின்னவள், நான் அதைவிடச் சின்னவன். மறுநாள் அவருடைய தேன்கூடுகள் எல்லாம் மரத்தடியில் உடைந்து கிடந்தன. யார் செய்தது என்று அவர் கேட்கக்கூட இல்லை. அந்த வருஷம் நாம் என்ன தின்றோம் என்று நினைத்துப் பார்.

இன்னொன்று. அந்தப் பெட்டியில் பிடித்த குரல்களை ஜிம்மாவுக்குக் கொண்டுவந்து இங்கே போட்டுக்காட்டப் போகிறார்களா? விசாரித்து எழுது. இங்கே உனக்கு ஒரு தம்பி இருப்பதாக எங்கேயும் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

கொச்சித்தோ

*

யெகாதித் மாதம்

தம்பி கொச்சித்தோவுக்கு அக்கா சொல்வது. கை பிர்கேயின் கை. உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். உன் கடிதம் வருவதற்குள் நாங்கள் போய் வந்துவிட்டோம்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும், ஷாலோவின் பசு கன்று போட்டது. நெற்றியில் வெள்ளை. அதற்கு ஹிருத் என்று பெயர் வைத்துவிட்டு, அவளிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு திரிகிறான்.

முதலில் டிங்கே வீட்டுக்குத்தான் போனேன். வழியில் எதிரே மேட்டுத்தெரு ஆட்கள் வந்தார்கள். கால் தானாகப் பள்ளத்துப் பக்கம் திரும்பியது தம்பி. கழுதையைப் பிடித்து நிறுத்துவது போல என் காலை நானே பிடித்து நிறுத்தினேன். அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

டிங்கே காப்பி வறுத்துக்கொண்டிருந்தாள். வணக்கத்தைச் சொல்லாமல், "நல்லா இருக்கியா டிங்கே?" என்று கேட்டேன். கரண்டி நின்றது. "என்னடி, பேரு சொல்லிக் கூப்பிடுற" என்றாள். பெட்டியைக் காட்டி, போன தடவை கேட்ட கேள்வியைத்தான் கேட்க வந்தேன், இந்தத் தடவை நிமிர்ந்து நின்று கேட்கிறேன், பிடிக்கவில்லையென்றால் பெட்டியை நிறுத்திவிடுகிறேன் என்றேன். வெகுநேரம் வறுத்துக்கொண்டே இருந்தாள், கொட்டை கருகும் வரைக்கும். அப்புறம் சொன்னாள்.

"நெசமாவே தெரியணுமா? உன் பொண்ணு வாய் வச்ச குவளையில என் பையன் குடிச்சான்னு தெரிஞ்சா நாளைக்கு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எம் பொண்ணை எவன் கட்டுவான்? உன்மேல எனக்கு அருவருப்பு இருக்கா இல்லையான்னு நான் யோசிச்சதே கிடையாதுடி. அவங்களை நினைச்சுத்தான் பயம்."

"எவங்களை?"

"எல்லாரையும்தான். எங்க அண்ணியை. எங்க கோயில் பொம்பளைங்களை. போ, போ, யாராவது பாத்துடப் போறாங்க."

மற்ற வீடுகளிலும் பாதி இப்படித்தான். சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அந்த நாளிலிருந்து என் விறகை ஒருவரும் வாங்கவில்லை. சந்தையில் என் இடத்தில் சாணியைக் கொட்டிவைத்திருந்தார்கள். ஷாலோவின் கரிமூட்டைகளை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். கூரைமேல் கல் விழுகிறது. கல் விழும்போது பிர்கே பாடத்தைச் சத்தமாகப் படிக்கிறாள். (அம்மா பானைக்குள் தலையை விட்டு அழுததை எழுத வேண்டாம் என்கிறாள்.)

ஹிருத் எங்களிடம், இதோடு நிறுத்திவிடலாமா, உங்கள் உயிர் பெரிது என்று கேட்டாள். நிறுத்தினால் முதல் பதில்தானே நிற்கும், வேற்றுமை இல்லை என்ற பதில். அதற்கு நாங்களே சாட்சி ஆகிவிடுவோமே, நிறுத்த வேண்டாம் என்றோம்.

கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நீ வந்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் எப்படிப் படித்தாய் என்று உன் வாயால் சொன்னால் போதும். பஸ் கூலி நான் தேடித் தருகிறேன்.

அக்கா அஸ்காலே

*

மெகாபித் மாத ஆரம்பம்

தம்பிக்கு அக்கா. இதை எழுதுவது பிர்கே இல்லை, ஹிருத். பிர்கே தண்ணீருக்குப் போயிருக்கிறாள். உன்னிடமிருந்து பதில் இல்லை. லாரிக்காரன் மூன்று முறை வெறும் கையை விரித்தான்.

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச முடியாததை இப்போது பேசிவிடுகிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பஸ் பாதி வழியில் கெட்டுப்போய்த் திரும்பிவிட்டேன் என்று உனக்குச் சொல்லி அனுப்பினேனே, பஸ் கெடவில்லை. ஜிம்மாவுக்கு வந்தேன். மூசா கடையில் கேட்டு உன் வீடு வரைக்கும் வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள் ஐந்தாறு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். உன்னை வோல்தே என்று கூப்பிட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி ஒரு கவளத்தை உருட்டி உன் வாயில் ஊட்டினாள். சிவப்புத் துணி கட்டியிருந்தாள், முகம் லட்சணம்.

நான் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தால் நீ யாரென்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளை வாயில் ஒரு கொமாரோப் பெண் கையால் ஊட்டுகிறாள். அதைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. கொண்டுவந்த கொச்சோவைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் யாரென்று அவர்களுக்கும் தெரியாது, பார்.

அதனால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வர வேண்டாம். அந்தப் பெண்ணையும் குழந்தையையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் பிர்கே, மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தினமும் லாரி நிற்கும் இடத்துக்குப் போகிறாள். அவளுக்காவது ஒரு வரி எழுது. கடிதத்தை ஹிருத் பெயருக்கு அனுப்பு, அவளே எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

அக்கா

*

ஜிம்மா, மெகாபித் மாதம்

அக்காவுக்கு,

எத்தனையோ தாள்களைக் கிழித்துவிட்டேன். அவள் பெயர் முலு. பையன். நடக்கிறான். நான் கிழக்கே எங்கேயோ ஒரு கொமாரோக் குடும்பத்தில் பிறந்து அனாதையானவன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். உன்னைச் சாகடித்துத்தான் அவளைக் கட்டினேன் அக்கா.

வர முடியாது. ஆனால் நீ கேட்டதை எழுதுகிறேன். இதைப் பெயர் சொல்லாமல் வாசிக்கச் சொல்.

"நான் எட்டு வருஷமும் வகுப்புக்கு வெளியே, ஜன்னலுக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்து படித்தேன். ஒரு வாத்தியார் மட்டும் மழையிலும் ஜன்னலைத் திறந்து வைப்பார். கணக்கு வகுப்பு வேறொருவர். அவர் ஜன்னல் பலகையைச் சாத்திவிடுவார். அதனால் எனக்கு வகுத்தல் வராது. இன்றைக்கும் வேலை இடத்தில் மூட்டைகளைப் பங்கு பிரிக்கச் சொன்னால் பல்வலி என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுகிறேன். எனக்கு எத்தனை பல்வலி என்று அவர்கள் சிரிக்கிறார்கள்."

பிர்கேவுக்கு: மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. படி.

கொச்சித்தோ

*

மியாஸ்யா மாதம்

தம்பி கொச்சித்தோவுக்கு அக்கா சொல்ல, பிர்கே எழுதுவது. சுகம். கூரையில் இரண்டு ஓட்டை, மழைக்கு முன்னால் அடைக்க வேண்டும். ஷாலோவின் கன்றுக்குப் பெயர் வைத்த கதை ஹிருத்துக்குத் தெரிந்துவிட்டது. கோபம் வரும் என்று பயந்தோம். கன்று பால் குடிக்கிறதா என்றுதான் கேட்டாள்.

கூட்டத்துக்கு மேட்டுத்தெரு முழுவதும் வந்துவிட்டது. அவர்கள் பெஞ்சுகளில், நாங்கள் பின்சுவர் ஓரம். பெரிய வாத்தியார் எழுந்து முதல் தடவைப் பதில்களை மட்டும் சொல்லி, நல்ல ஊர், நல்ல ஜனங்கள் என்று முடிக்கப் பார்த்தார். ஷாலோ, இரண்டாம் தடவையும் கேட்டோமே என்றான். அது நாகரிகமில்லாமல் கேட்ட கேள்வி, அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார் வாத்தியார்.

ஹிருத் எழுந்து, யார் குரலையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் இங்கே போடமாட்டேன், யாராவது தங்கள் குரலைப் போடச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எங்களுக்குத்தான் தரையைப் பார்த்துப் பழக்கம், அன்றைக்கு அவர்கள் பார்த்தார்கள். நான் டிங்கேயைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கேட்டது போல ஆகிவிடும். பெட்டியை மூடுவதற்கு ஹிருத் குனிந்தாள். பிர்கேயின் கை என் கைக்குள் ஈரமாக இருந்தது.

அப்போதுதான் டிங்கே, "என்னுதைப் போடு. ரெண்டையும் போடு" என்றாள்.

போட்டார்கள். முதலில் என் குரல், மண்ணுக்குள் போகிறேன் தாயே என்று. அவள் குரல், பிள்ளைகள் என்றால் பிள்ளைகள்தான் என்று. பிறகு காப்பி கருகும் சத்தம், எவன் பொண்ணு குடுப்பான். டிங்கேயின் அண்ணி, "இது உன் குரலே இல்லைன்னு சொல்லிடுடி" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டு தடவையும் என் குரல்தான்" என்றாள் டிங்கே. "மொதல்ல சொன்னது இவ குனிஞ்சு நின்னப்ப சொன்னது. குனிஞ்சு நிக்கிறவகிட்ட நல்லவளா இருக்குறது லேசா இருந்துச்சு. ரெண்டாவதுதான் நான் மனசில வச்சிருக்கிறது."

ஒரு பெரியவர், "அப்ப உன் பையனை இவ பொண்ணுகூட உக்கார வைப்பியா?" என்று அதட்டினார்.

"பயமாத்தான் இருக்கு. இத்தனை பேர் முன்னால பயம்னு சொல்லியாச்சு, இனிமே என்ன. உக்காரட்டும்."

உன் எழுத்தை ஹிருத் வாசித்தாள். பல்வலி வந்த இடத்தில் சிலர் சிரித்தார்கள், பிறகு சிரித்த வாயை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார்கள். இதை எழுதியது யார் என்று வாத்தியார் என்னைக் கேட்டார். செத்துப்போனவன் என்று சொன்னேன். கோபிக்காதே.

முடிவு இதுதான். பிர்கே பெஞ்சில் உட்காரலாம். குவளையில்தான் பேச்சு முட்டிக்கொண்டது. கடைசியில் இனி யாரும் பொதுக் குவளையில் குடிக்க வேண்டாம், அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும் என்று தீர்த்தார்கள். ஜெயித்தோமா என்று ஷாலோ கேட்டான். பாதிப் பிள்ளைகள் இன்னும் வரவில்லை. டிங்கேயின் பையன் வந்தான், பெஞ்சின் அந்தக் கோடியில் ஒட்டிக்கொண்டு. டிங்கே வீட்டுக்கு அவள் அண்ணி இப்போது வருவதில்லை. டிங்கே என் விறகை வாங்குகிறாள், பேரம் பேசுவதைக் கூட்டியிருக்கிறாள்.

பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

அக்கா அஸ்காலே

*

செனே மாதம், மழை

அன்புள்ள மாமாவுக்கு, பிர்கே வணக்கத்துடன் எழுதுவது. அம்மா நலம். இந்தக் கடிதத்தை அவள் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். மாமிக்கும் தம்பிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு எப்படித் தெரியும் என்று அம்மாவைக் கேட்காதீர்கள். செத்துப்போனவன் என்று கூட்டத்தில் அவள் சொன்னபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். செத்தவரைப் பற்றிச் சொல்கிற கை என் கையை அப்படி இறுக்காது. வீட்டுக்கு வந்து கேட்டேன். மூன்று நாள் கழித்துச் சொன்னாள்.

பரீட்சை போங்கா டவுனில் நடந்தது. வகுத்தல் கணக்கு இரண்டு வந்தது, இரண்டையும் போட்டேன்.

அங்கே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வேறு அறையில் இருந்தார்கள். என்னை யாருக்கும் தெரியாது. இடைவேளையில் வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயர் எத்தாகெங். நிறையச் சிரித்தாள். வறுத்த பார்லியை என் உள்ளங்கையில் கொட்டினாள். தின்றோம். அப்புறம், "நீங்க யாரு ஆளுங்க?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள் மாமா, மழை வருமா என்று கேட்பது போல.

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. உங்களை அந்த நிமிஷம் நினைத்தேன். உங்கள்மேல் அதுவரை இருந்த கோபம் அந்த இடத்தில் பாதி போய்விட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

"மஞ்சோ" என்றேன்.

அவள் கை பையோடு நின்றது. பையைக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அதே இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு இலையைப் பறித்து, அதில் பார்லியை வைத்து, குச்சியால் என் பக்கம் தள்ளினாள். அவளுக்குத் தெரிந்த நல்ல குணம் அது. எனக்குப் பசி. "கையில குடு. இல்லேன்னா வேணாம்" என்றேன். மணி அடித்துவிட்டது. இலை அங்கேயே கிடந்தது. காக்கை தின்றிருக்கும்.

கடைசி நாள் அவள் வரவில்லை என்றுதான் நினைத்தேன். எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடும்போது பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பார்லியை வைத்து மூடின கையை நீட்டினாள். நான் என் கையை அடியில் விரித்தேன். அவள் கை திறக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பஸ்காரன் திட்டினான். அப்படியே நின்றோம்.

பிறகு அவள் விரலைத் திறந்தாள்.

பிர்கே